காகிதத்துக்குக் கட்டுப்பட்ட ரோடு

ஈச்சங்கால் ஊரின் மெயின் ரோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்வண்டி வந்துபோனதற்கும் முதல் பஸ் வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், தான் கிடந்த இடத்தை விட்டு எழுந்து, தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் தனக்கென்று போட்டிருந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஏன் போனது என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம். போனது, அவ்வளவுதான். அறுபது வருஷமாகக் காகிதத்தில் ஓர் இடமும் தரையில் ஓர் இடமுமாகக் கிடந்த ரோட்டுக்கு ஒருநாள் நேர்மை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுஷனுக்கு வராதது ரோட்டுக்கும் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது.

போன விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தன் குண்டு குழிகள், பள்ளிக்கூடத்து வேகத்தடை, நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த இரண்டு எருமைகள் எல்லாவற்றையும் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போனது. வழியில் குறுக்கே நின்ற சுவர்களெல்லாம், கல்யாண வீட்டில் தட்டு வரிசை வரும்போது பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு வழிவிடுவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் விலகின. கூரைகளெல்லாம் பஸ் போகிற உயரத்துக்கு ஒசந்து கொடுத்தன. ஓர் ஓடுகூட உடையவில்லை.

அந்த நேரத்தில் கோமு தன் வீட்டு அடுப்பங்கரையில் விற்பதற்கான முதல் ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. பதினோராம் வகுப்பில் பாதி வரை இருந்து பார்த்தாள், அங்கே எதுவும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை, எழுந்து வந்துவிட்டாள். இட்லியாவது பத்து நிமிஷத்தில் வெந்துவிடுகிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போகத் திரும்பியவள், அடுப்பங்கரைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருபத்துநாலு அடி அகலத்தில் தார் ரோடு கிடப்பதைப் பார்த்தாள்.

"யம்மா, நடுவுல ரோடு கெடக்கு."

"சட்னியத் தாளிச்சியா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல" என்றாள் அம்மா வேலம்மா, மாவைக் கலக்கிக்கொண்டே.

கோமு தாளித்து முடிப்பதற்குள் முதல் பஸ் வந்துவிட்டது. டிரைவர் செண்பகராஜ் இருபது வருஷமாக அந்தத் தடத்தில் ஓட்டுகிறவர், தார் எங்கே போகிறதோ அங்கே வண்டி போகும் என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர். கோழிப்பண்ணைக்குள் புகுந்து, வேதக்கோயில் டீச்சர் செபமாலையின் ஹாலைக் கடந்து, டி.வி.க்குக் குறுக்கே போகிறோமே என்று ஹாரனை மெல்லமாக அடித்து, நேராகக் கோமு வீட்டுக்குள் வந்து, சட்டியோடு குறுக்கே போன வேலம்மாவுக்காக பிரேக் போட்டு நின்றார். நின்ற பஸ்ஸுக்குள் இட்லி வாசம் போனது. ஆறு பேர் இறங்கிவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்களா என்றால், இல்லை. எட்டு மணிக்கு எல்லாருக்கும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பழைய ரோடு கிடந்த இடத்தில் செம்மண் மட்டும் ஈரமாக இருந்தது, கட்டிலை நகர்த்தினால் அடியில் தெரியுமே தரை, அந்த மாதிரி. அதில் ஒன்பது மணிக்கே ஒருவர் கத்தரி நாற்று வைத்துவிட்டார். பத்து நாளில் ஊர் பழகிவிட்டது. அடுப்பங்கரையிலிருந்து முன்னறைக்குப் போகிறவர்கள் வலமும் இடமும் பார்த்துப் போனார்கள். பஸ்ஸில் ஏறினால் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துவிடுகிறது என்பதால் எல்லார் வீட்டுக் குழம்பும் முன்னைவிட ருசியானது, எல்லார் வீட்டுப் புருஷனும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். செபமாலை டீச்சர் வீட்டு நாடகத்தில் மாமியார் மருமகளை அறைகிற நாளில் செண்பகராஜ் வண்டியை மூன்று நிமிஷம் அங்கேயே போட்டுவிட்டார், ஒரு பயணிகூடக் கோபப்படவில்லை, கண்டக்டர்தான் விளம்பரம் வந்ததும் விசில் அடித்தார்.

கோமு வீட்டில்தான் ஸ்டாப் அமைந்தது. யாரும் அமைக்கவில்லை, அதுவாக அமைந்தது. முன்னறையில் அவள் அப்பா ஆவுடையப்பனின் கட்டில் இருந்தது, கட்டில் ரோட்டோரமாக வந்துவிட்டது, ரோட்டோரத்தில் உட்கார இடம் இருந்தால் நம் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆவுடையப்பன் பெயிண்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் டாங்கிக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனது. நாலு வருஷமாக எதிரே இருந்த சுவரைப் பார்த்துக் கிடந்தார். இப்போது சுவர் இருந்த இடத்தில் ரோடு. முதல் நாள் கொஞ்சம் கூச்சமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார், மூன்றாம் நாள் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார், ஐந்தாம் நாள், "ஏறியாச்சா? அந்தப் பிள்ளைக்காரி ஏறட்டும்யா... ம், போலாம்!" என்று அவர் சொன்னால்தான் பஸ் கிளம்பியது. கண்டக்டர் டிக்கெட்டில் 'ஆவுடையப்பன் வீடு' என்றே சொல்லிக் கிழித்தார்.

தங்கப்பழம் அண்ணாச்சி தினமும் நாலு பத்து பஸ்ஸுக்கு வந்துவிடுவார். கோமு வீட்டுக்கும் பழைய ரோட்டுக்கும் நடுவில் இருந்த அறுபது அடி வெறும் மனைக்குச் சொந்தக்காரர். வருவார், கட்டிலில் உட்காருவார், அப்பாவோடு பேசுவார், பஸ் வரும், போகும், அவர் ஏற மாட்டார். கோமுவுக்கு இதுவும் எரிச்சல்தான். பஸ்ஸுக்கு வந்த மனுஷன் பஸ் வந்தால் ஏற வேண்டாமா.

பதினொன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. பஸ்ஸிலேயே வந்தது, கண்டக்டர் இறங்கி வேலம்மா கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். அரசு ரோட்டின் மேல் இருக்கும் இந்த வீடு ஆக்கிரமிப்பு, இருபத்தொரு நாளில் அகற்றப்படும் என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் வீட்டில் ரோடு ஒரு ஹாலையோ ஒரு மூலையையோ தொட்டுக்கொண்டுதான் போனது, திட்டோடும் எச்சரிக்கையோடும் விட்டார்கள். கோமு வீட்டில்தான் நட்டநடுவில் போனது. தாத்தா கட்டிய வீடு, வேறு போக்கிடம் கிடையாது, இடுப்பு விளங்காத மனுஷனை எந்த வாடகை வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது.

கோமு நோட்டீஸை இரண்டு தடவை வாசித்தாள். "ரோடு எங்க வீட்டு மேல வந்து விழுந்திருக்கு. நாங்க ரோட்டு மேல இருக்கோமாம்" என்றாள். அன்றைக்கே பஸ் ஏறி தாலுகா ஆபீஸுக்குப் போனாள்.

சர்வேயர் கிளாடிஸ் மேடம் நேர் வகிடு எடுத்து, காதில் பென்சில் சொருகியிருந்த அம்மா. அவர் புலப்படத்தை, அதாவது எந்த நிலம் எங்கே முடிகிறது என்று அளந்து வரைந்த தாளை, மேஜையில் விரித்துக் காட்டினார். அறுபது வருஷத்துக்கு முன்னால் அளந்தவர்கள் ரோட்டோரமாகப் பதினோரு கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கல் நகர ஆரம்பித்துவிட்டது. பதினோரு நிலக்காரர்களும் யோக்கியர்கள், யாரும் அடுத்தவன் நிலத்தை ஒரு முழத்துக்கு மேல் எடுத்ததில்லை. முழம் முழமாகத்தான் எடுத்தார்கள். கடைசியில் ஒருவர் தனக்குச் சாதகமாகக் கல் வந்து நின்ற ஒரு நாளில், இனி எவனும் அசைக்கக்கூடாது என்று, அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சிவப்புத் துணி கட்டிவிட்டார். அம்மனை எவன் கடப்பாரை போட்டுப் பெயர்ப்பான்? மறுநாள் விடிந்தபோது பதினோரு கல்லும் அம்மனாகியிருந்தது. மூலைக்கல் மாடத்தி, வாய்க்கால்கல் பேச்சி என்று பேரும் வந்தது, ஆடி மாசம் பொங்கலும் வந்தது. பிறகு தார் போட வந்தவர்கள் அம்மன்களைச் சுற்றித்தான் போட்டார்கள். தாளில் இருந்த ரோட்டு நிலம் சும்மா கிடந்ததால் அதில் வீடு கட்டிக்கொண்டார்கள். இதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. சாமி சொன்ன எல்லை.

"இவ்வளவுதான் விஷயம்" என்றார் கிளாடிஸ் மேடம். "உங்க நிலத்துல ரோடு கெடந்துச்சு. ரோட்டு நிலத்துல நீங்க கெடந்தீங்க. மாத்தி எழுதிக்கிட்டா முடிஞ்சுது. பதினோரு பட்டாதாரரும் சம்மதக் கையெழுத்து போடணும். ஒருத்தர் குறைஞ்சாலும் செல்லாது."

"எழுதிட்டா ரோடு திரும்பிப் போயிருமா மேடம்?"

"மத்த ஊர்ல காகிதத்தை மாத்தினா காகிதம்தான் மாறும். உங்க ரோடு நல்ல ரோடும்மா. சொன்னாக் கேக்குது."

கோமு பதினோரு பெயர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வந்தாள், அதைக் கடைசிவரை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, மறுநாள் காலை இட்லி முடிந்ததும் கையெழுத்துக்குக் கிளம்பினாள். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. அவள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் மறந்துவிட்டாள். முதல் வீடு கோழிப்பண்ணை வெள்ளைச்சாமி வீடு.

"போடுறதுல எனக்கு ஒண்ணுமில்ல தாயி. ஆனா அம்மனக் கேக்காம நாம எப்பிடிப் போடுறது?"

"எந்த அம்மன மாமா? அது சர்வே கல்லு."

"வாயில அடி. வாயில அடிங்கேன். பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ள வந்தாப் போடுதேன்."

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் மடித்துக் கல்லின் முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. வெள்ளைச்சாமி கையை விரித்தார்.

"அம்மனுக்குக் கேள்வி புரியல மாமா. நீங்க வாய்க்குள்ளேயே முனங்குனா அதுக்கு என்ன கேக்கும்? திருப்பிக் கேளுங்க, சத்தமா."

இரண்டாவது தடவையும் சிவப்பு. "உங்க கோழி கத்துன கத்துல காதுல விழுந்திருக்காது" என்றாள் கோமு. மூன்றாவது தடவை வெள்ளை. "அவ்வளவுதான், போடுங்க" என்று பேனாவை நீட்டினாள். இப்படியே ஒவ்வொரு கல்லாக. வாய்க்கால்கல் பேச்சியிடம் ஏழு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஏழாவது தடவை பூ எடுக்க வந்த பிள்ளை எனக்குப் பசிக்குது என்று அழுதுவிட்டது, கோமு அதற்கு இரண்டு இட்லி கொடுத்துத் திரும்ப எடுக்க வைத்தாள். செபமாலை டீச்சர் வேதக்காரர், தன் நிலத்துக் கல்லுக்குப் பூக்கட்ட மாட்டேன் என்றார், ஆனாலும் அது பாவம் தனியாக இருக்கிறதே என்று ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தங்கப்பழம் அண்ணாச்சி மட்டும் ஒன்றும் கேட்காமல் போட்டார், ஏன் என்னவோ போடும்போது முகம் வாடியிருந்தது. கோமு கவனித்தாள். விசாரிக்க அவளுக்கு நேரமில்லை.

நோட்டீஸ் வந்து பதினெட்டாம் நாள் மதியம் பத்துக் கையெழுத்து சேர்ந்துவிட்டது. பதினோராவது யார் என்று அப்போதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தாள். சு. ஆவுடையப்பன். வீடு அப்பா பெயரில்தான் இருந்தது. நம்ம வீடுதானே என்று சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்து போனாள்.

"யப்பா, ஒரு கையெழுத்து."

"கை வலிக்கிட்டி. பொறவு போடுதேன்."

சாயங்காலம் கேட்டாள். கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. மறுநாள் காலை, "இன்னைக்கு அஷ்டமி" என்றார். அவர் வாழ்நாளில் அஷ்டமி பார்த்தவர் இல்லை, விழுந்த அன்றைக்குக்கூட ராகு காலத்தில்தான் சாரம் ஏறினார்.

கோமு கட்டில் காலை உதைத்தாள். "என்னப்பா வெளையாடுதிய? இன்னும் ரெண்டு நாளு. வீட்ட இடிச்சிருவானுவ."

"இடிக்கட்டும். கட்டிலு இருக்கும்லா."

"மழ பேஞ்சா?"

"பஸ்ஸு ஸ்டாப்புக்கு ஒரு கூரை போடாமலா போயிருவானுவ?"

அவர் சிரிக்கவில்லை என்பதைக் கோமு அப்போதுதான் பார்த்தாள். பத்து ஐந்து பஸ் வந்தது. "ம், போலாம்" என்று அவர் சொல்லவில்லை. செண்பகராஜ் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகக் கிளம்பிப் போனார்.

"விழுந்த புதுசுல எல்லாரும் வந்தாவ" என்றார் ஆவுடையப்பன் ரோட்டைப் பார்த்தபடி. "ஆப்பிளு, ஆரஞ்சு எல்லாம் கொண்டாந்தாவ. ஒரு மாசம். அதுக்கு மேல எவனுக்குட்டி நேரம் இருக்கு, நான் தப்புச் சொல்லல. நாலு வருசம் அந்தச் சொவத்துல கெடந்த காலண்டரப் பாத்துக் கெடந்தேன். பழைய வருசத்துக் காலண்டரு, அத ஒருத்தரும் மாத்தல. என்னால ரோட்டுக்குப் போவ முடியல, ரோடு எழும்பி எங்கிட்ட வந்துச்சு. வந்தத வெளிய போன்னு என் கையாலயே எழுதச் சொல்லுத."

கோமு அந்தச் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்தக் காலண்டரை மாற்றாதது யார்? நாலு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இட்லிச் சட்டியோடு அந்த அறையைத் தாண்டிப் போனது அவள்தான், கோமு என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் 'இருப்பா வாறேன்' என்று சொல்லிவிட்டுப் போய் வராமல் இருந்ததும் அவள்தான். பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவள் மட்டும் வந்திருந்தால் ஒரு ரோடு வர வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பத்து நாற்பது பஸ்ஸைப் பிடித்துத் தாலுகா ஆபீஸுக்குப் போனாள்.

"மேடம், கோடு எங்க வேணாலும் போடலாமா?"

கிளாடிஸ் மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "நிலக்காரங்க ஒத்துக்கிட்டா எங்க வேணாலும் போடலாம். ஏன்?"

கோமு புலப்படத்தில் தன் வீட்டைத் தேடி, முன்னறைச் சுவருக்கு வெளியே, ஒட்டினாற்போல விரலை வைத்தாள். "ரோடு பழைய எடத்துக்குப் போவேண்டாம். வீட்டுக்குள்ளயும் வேண்டாம். இங்கன போவட்டும். எங்கப்பா கட்டிலுக்கு இந்தப் பக்கம்."

மேடம் பென்சிலை எடுத்து மெல்லக் கோடு போட்டுப் பார்த்தார். நேராக வந்த ரோடு கோமு வீட்டருகே சடாரென்று உள்ளே திரும்பி, சுவரை உரசி, மறுபடியும் சடாரென்று வெளியே போனது. அவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோணல நான் போட்டதில்ல. சரி, மத்த ஒன்பது பேரோட காகிதம் அப்படியே செல்லும். உங்க அப்பா, எதிர் மனைக்காரர் ரெண்டு பேர் கல்லுதான் தள்ளி நடணும். அவர் மனை அறுபது அடியும் ரோட்டுக்கு அந்தப் பக்கமா நகரும், ஒரு அடி குறையாது. அவர் புதுசா எழுதிக் குடுப்பாரா?"

வீட்டில் போய்க் கேட்டபோது தங்கப்பழம் அண்ணாச்சி எழுதித் தர மாட்டேன் என்றார். அந்த மனையில் இருபது வருஷமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். அடிக்கல்கூட நடவில்லை, ஆனால் பந்தி எத்தனை வரிசை, பெண் அழைப்புக்கு எந்தக் கதவு, செருப்பு எங்கே என்பது வரை எல்லாம் முடிவாகியிருந்தது.

"ரோடு அந்தப் பக்கம் போச்சுன்னா என் மண்டபம் மேற்குப் பாத்துல்லா நிக்கும்? மேற்கு வாசல்ல எவன்ட்டி தாலி கட்டுவான்?"

"அண்ணாச்சி, இருவது வருசமா இல்லாத மண்டபத்துக்கு வாசலு எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அண்ணாச்சியின் முகம் காற்றுப்போன டியூப் மாதிரி ஆனது. ஊரே இதைத்தான் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிறது, முகத்துக்கு நேரே சொன்னது கோமு ஒருத்திதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோமுவும் எழுந்தாள், வாசல் வரை போனாள், திரும்பினாள்.

"நாலு பத்து பஸ்ஸுக்கு தெனம் வாறியளே, ஏன் ஏறுறதில்ல?"

அண்ணாச்சி துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"எங்கப்பாகிட்ட என்னதான் பேசுவிய அவ்வளவு நேரம்?"

"கலரு" என்றார் அண்ணாச்சி மெதுவாக.

"என்னது?"

"மண்டபத்துக்குக் கலரு. உங்கப்பன் பெயிண்டர்லா. மணமேடைக்குப் பின்னால தாமரப் பூ ரோசு, தூணுக்குப் பாலேடு, வெளிச்சொவத்துக்கு முதல்ல பிஸ்தாப் பச்சைன்னான், பொறவு வெயில்ல வெளுத்துரும்னு அவனே மாத்திட்டான். நேத்து மேக்கூரைக்குக் கீழ ஒரு பார்டர் சொன்னான் பாரு..." அவர் கையைத் தூக்கிக் காற்றில் ஒரு பார்டர் போட்டார். "கட்டுறேன் கட்டுறேம்பேன், எல்லாவனும் எப்போங்கான். உங்கப்பன் ஒருத்தன்தான் எந்தக் கலர்னு கேட்டான்."

"ரோடு பழைய எடத்துக்குப் போச்சுன்னா நீங்க எங்கன போயி உக்காருவிய?"

அண்ணாச்சி தன் காலைப் பார்த்தார். முதல் கையெழுத்துப் போடும்போது வாடியிருந்த அதே முகம். பிறகு, "மேற்கு வாசலுக்கும் ஒரு பரிகாரம் இல்லாமலா போயிரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் தேடினார். "ஆனா ஒண்ணு. உங்கப்பன் கலரு விசயத்துல நீ தலையிடக்கூடாது. ஒனக்கு வாயி நீளம்."

அன்று சாயங்காலம் கோமு கட்டிலோரம் உட்கார்ந்து, மேடம் போட்டுக் கொடுத்த கோணல் கோட்டை அப்பாவுக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "இது என்ன, நாக்கு நீட்டுன மாதிரி?"

"அதுதான் ரோடு. நாக்கு நுனியில இருக்கது நீங்க."

"சொவரு மறைக்குமே."

அதுவரை அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேலம்மா, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து வந்து, மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். நாலு வருஷத்தில் புருஷனிடம் மருந்து, சோறு, திரும்பிப் படு என்ற மூன்றைத் தவிர அவள் பேசியதில்லை. முன்னறையின் தெருப்பக்கச் சுவரில் கட்டில் உயரத்துக்குக் குறி பார்த்து ஓங்கி ஒரு போடு போட்டாள். "இடிக்கணும் இடிக்கணும்னு ஒரு ஆபீஸே அலையுதானுவ, எங்கன இடிக்கணும்னு ஒருத்தனுக்குத் தெரியல" என்றாள். ஐந்தரை பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி ஆளுக்குக் கொஞ்சம் செங்கலை அள்ளிப்போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறடி நீளத்துக்கு ஒரு ஜன்னல் ஆனது. ஆவுடையப்பன் பெரிய எழுத்தில், இனிஷியல் போட்டு, கையெழுத்திட்டார்.

இரண்டு கல்லையும் தள்ளி நட மறுநாள் காலையில் ஊரே வந்தது. அம்மனைத் தொட எல்லாருக்கும் பயம். பூக்கட்டிப் பார்ப்போம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். கோமு சிவப்புத் துணியைச் சரியாகக் கட்டிவிட்டு, "தாயி, நீ அறுவது வருசத்துக்கு முன்னால நகந்தவதான, இப்ப மட்டும் என்ன" என்று மூலைக்கல் மாடத்தியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. வெயிட் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

இருபத்தொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மஞ்சள் பொக்லைன் வந்து வீட்டுக்குள் ரோட்டில் நின்றது. ஆபீசர் வந்து கை காட்டினால் இடிக்க வேண்டியது, அதுவரை சும்மாதானே என்று ஆபரேட்டர் ஒரு தட்டு இட்லி வாங்கிக்கொண்டார். தாலுகா ஆபீஸில் கிளாடிஸ் மேடம் காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாசில்தார் அறை வாசலில் நின்றார். வீட்டில் கோமு கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தரைக்கு ஆபீசரின் ஜீப் வேகத்தடையில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பத்து முப்பத்தைந்துக்கு ஜீப்பும் உள்ளே வந்து நின்றது. ஆபீசர் இறங்கி, கையைத் தூக்கினார்.

பத்து முப்பத்தாறுக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டார்.

ரோடு எழுந்தது. வந்தபோது போலவே அலுங்காமல், பொக்லைன், ஜீப், தூக்கிய கையோடு ஆபீசர், இட்லியோடு ஆபரேட்டர் எல்லாரையும் சுமந்துகொண்டு, ஒதுங்கி நின்ற சுவர்களுக்கு நன்றி சொல்வதுபோல மெல்ல நகர்ந்து வெளியே போய், பதினோரு கல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, கோமு வீட்டருகே கொஞ்சம் தயங்கி, பிறகு உடம்பை மடக்கி, ஜன்னலுக்கு வெளியே படுத்துக்கொண்டது. சுவர்கள் சேர்ந்தன, கூரை இறங்கியது. ஆபரேட்டர் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு வைங்கக்கா" என்றார். ஆபீசர் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

அவர்கள் போனதும் பதினொன்று பத்து பஸ் வந்தது. திருப்பத்தில் செண்பகராஜ் ஒடித்தார், முடியவில்லை. பின்னால் எடுத்தார், மறுபடி ஒடித்தார், முன் சக்கரம் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. மூன்றாவது தடவையும் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், ஒருத்தியின் தக்காளிக் கூடை கவிழ்ந்தது, தலைகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், சட்டையில் தக்காளியோடு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்துக் கத்தினார்.

"நேராக் கெடக்க வேண்டிய ரோட்ட எவன்யா இப்பிடி வளைச்சு வச்சான்?"

"எம் மவ" என்றார் ஆவுடையப்பன்.